எந்த இங்கிலாந்து கிளப்பை "எங்க டீம்" என்று சொல்லலாம்?

கேட்டவர் திருச்சிக்காரர். வாரத்தில் ஆறு நாள் வேலை, ஞாயிறு மட்டும் விடுமுறை. போன சீசனில்தான் பிரீமியர் லீக் பார்க்கத் தொடங்கியிருக்கிறார். ஆட்டம் பிடித்துவிட்டது, அணி இன்னும் அமையவில்லை. உடன் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல், ஆர்சனல். இவரும் அவற்றில் ஒன்றைச் சொன்னால் "ஜெயிக்கிற பக்கம் சாய்கிறாய்" என்கிறார்கள். சின்ன கிளப் ஒன்றைச் சொன்னால் "வித்தியாசமாகத் தெரியணும்னு சொல்கிறாய்" என்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறார். ஆனால் அவருடைய கடைசி வரியில்தான் உண்மையான கேள்வி இருக்கிறது: அந்த ஊரைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒருவனுக்கு ஒரு கிளப்பை "எங்க டீம்" என்று சொல்ல உரிமை உண்டா? அதற்கு முதலில் பதில் சொல்கிறேன்.

நாளிதழ் ஒன்றின் விளையாட்டுப் பிரிவில் இரவுப் பணியிலேயே என் வேலைக்காலத்தில் பெரும்பகுதி கழிந்தது. இங்கிலாந்து ஆட்ட முடிவுகளுக்காகப் பக்கத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருப்பது அன்றாட வேலை. சில முறை அங்கே போய் மைதானங்களிலும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நான் எவர்ட்டன் ரசிகன் என்பதையும் முன்பே சொல்லிவிடுகிறேன். லிவர்பூலைப் பற்றி நான் எழுதுவதைக் கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள்.

உரிமை உண்டு. இதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. கடல் கடந்த ரசிகன் என்பது கேபிள் டிவி கொண்டுவந்த புதுப்பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். நார்வேயில் 1969 நவம்பரிலேயே இங்கிலாந்து லீக் ஆட்டத்தை நேரலையாகக் காட்டத் தொடங்கிவிட்டார்கள். முதல் ஆட்டம் உல்வர்ஹாம்ப்டனுக்கும் சண்டர்லேண்டுக்கும். குளிர்காலத்தில் உள்ளூர் ஆட்டம் நடக்காது, முடிவுகளைக் கணித்துப் பணம் கட்டும் சீட்டுகளில் இங்கிலாந்து ஆட்டங்கள்தான் இருக்கும். அப்படித் தொற்றிய பழக்கம் இன்று பேரன் பேத்திகள் வரை வந்திருக்கிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தாத்தா, அப்பா, பிள்ளை என்று ஒரே கிளப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் தமிழ் வீடுகள் உண்டு. இங்கிலாந்துக்காரர்களிலும் பாதிப்பேர் அப்பா கையைப் பிடித்து மைதானத்துக்குப் போனதால்தான் ரசிகர்கள் ஆனார்கள். அது அவர்களுக்கு வாய்த்தது, நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள். வந்த வழியை விட, வந்தபின் எத்தனை காலம் நிற்கிறோம் என்பதில்தான் ரசிகனின் தரம் இருக்கிறது.

அடுத்து "ஜெயிக்கிற பக்கம்" என்ற குற்றச்சாட்டு. இதைச் சொல்பவர்களுக்கு இங்கிலாந்துக் கால்பந்தின் வரலாறு சரியாகத் தெரியாது என்றுதான் சொல்வேன். 1999 மே 26 அன்று பார்சிலோனாவில் மான்செஸ்டர் யுனைடெட் 90 நிமிடம் முடிந்தபின் வீணான நேரத்துக்காகச் சேர்த்த நிமிடங்களில் இரண்டு கோல் அடித்து ஐரோப்பியக் கோப்பையை (சாம்பியன்ஸ் லீக்) வென்றது, லீக், எஃப்.ஏ. கோப்பை, ஐரோப்பியக் கோப்பை என ஒரே சீசனில் மூன்று. அதற்கு நான்கு நாள் கழித்து அதே ஊரின் மான்செஸ்டர் சிட்டி, மூன்றாம் நிலை லீக்கிலிருந்து மேலே ஏறுவதற்காக ஜில்லிங்கம் என்ற சிறிய கிளப்புடன் வெம்பிளியில் ஆடிக்கொண்டிருந்தது. 90-வது நிமிடம் நெருங்கும்போது 0-2. கெவின் ஹார்லக் ஒன்று திருப்பினார், ஐந்து நிமிடம் கழித்து பால் டிக்காவ் சமன் செய்தார், பெனால்ட்டியில் தப்பித்தார்கள். அன்று சிட்டியைத் தேர்ந்தெடுத்தவனை ஊரே பரிதாபமாகப் பார்த்திருக்கும். 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு முறை லீக் வென்றது அதே சிட்டி. யுனைடெட்டோ மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசன் 2013-ல் விடைபெற்ற நாளிலிருந்து தடுமாறிக்கொண்டிருக்கிறது. லிவர்பூல் 1990-ல் லீக் வென்ற பிறகு அடுத்ததற்கு 2020 வரை காத்திருந்தது. 1985-ல் லிவர்பூலைப் பிடித்த ஒரு பையனை இன்று "ஜெயிக்கிற பக்கம் சாய்ந்தவன்" என்பீர்களா? பெரிய கிளப்பைத் தேர்ந்தெடுப்பது தவறே இல்லை. அந்த வெற்றி நம் காலம் முழுக்கத் தொடரும் என்று நம்பித் தேர்ந்தெடுத்தால் மட்டும் ஏமாந்துபோவோம்.

ஐ.பி.எல். பார்த்து வளர்ந்த நமக்குப் பிடிபட நாளாகும் விஷயம் ஒன்று உண்டு: தரமிறக்கம். பிரீமியர் லீக்கில் 20 கிளப்புகள், ஆளுக்கு 38 ஆட்டம். கடைசி மூன்று இடங்களில் முடிப்பவை அடுத்த சீசனில் கீழே உள்ள சாம்பியன்ஷிப்பில் ஆட வேண்டும், அங்கிருந்து மூன்று மேலே வரும். சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று ஒவ்வொன்றிலும் 24 கிளப்புகள். அதற்கும் கீழே ஏணி போய்க்கொண்டே இருக்கிறது. 1992-ல் பிரீமியர் லீக் தொடங்கியதிலிருந்து 2024–25 வரை ஒரு சீசன்கூட விடாமல் அதில் ஆடியவை ஆறே கிளப்புகள்: ஆர்சனல், செல்சீ, எவர்ட்டன், லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட், டாட்டன்ஹம். லெஸ்டர் சிட்டி 2016-ல் சாம்பியன். பந்தயக்காரர்கள் ஒன்றுக்கு ஐயாயிரம் தருவதாகச் சொல்லி, தேறாது என்று ஒதுக்கிய அணி. அதே லெஸ்டர் 2023-ல் கீழே போய், மறு சீசனே மேலே வந்து, 2025-ல் மறுபடி இறங்கியது. சண்டர்லேண்ட் 2017, 2018 என்று அடுத்தடுத்து இரண்டு படி விழுந்து, மூன்றாம் நிலையில் நான்கு சீசன் கிடந்து, 2025-ல்தான் மறுபடி மேலே வந்தது.

இது அங்கே போய் ஆட்டம் பார்க்கும் ரசிகனுக்கு மனவேதனை. உங்களுக்கு அதோடு இன்னொரு இடைஞ்சலும் உண்டு. பிரீமியர் லீக்கில் இருக்கும்வரை உங்கள் அணியின் எல்லா லீக் ஆட்டங்களையும் இங்கே பார்த்துவிடலாம். கீழே இறங்கிவிட்டால் எந்த ஆட்டம் ஒளிபரப்பாகும் என்பதே வாராவாரம் தேட வேண்டிய வேலை ஆகிவிடும். 2022–23 சீசனின் கடைசி நாளில் எவர்ட்டன் ஜெயித்தால்தான் நிச்சயமாகத் தப்பிக்கும் என்ற நிலை. போர்ன்மத்துக்கு எதிராக 57-வது நிமிடத்தில் எவர்ட்டனின் டுகூரே பெனால்ட்டி பெட்டிக்கு வெளியிலிருந்து அடித்த ஒற்றை கோல் காப்பாற்றியது. 90 நிமிடம் முடிந்தபின் சேர்த்த பத்து நிமிடங்களில் எனக்கு வயிற்றைக் கலக்கியது போல, கோப்பைக்கான ஆட்டம் எதிலும் கலக்கியதில்லை. இந்தப் பயமும் இந்த ஆட்டத்தின் ருசியில் ஒரு பங்கு. அது வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

கடிகாரத்தையும் பாருங்கள், ஆறு நாள் வேலைக்காரருக்கு இது சாதாரண விஷயமல்ல. அங்கே சனிக்கிழமை பிற்பகல் 3 மணி ஆட்டம் நமக்கு இரவு 7:30. அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளியபின் மார்ச் கடைசி வரை 8:30. அந்த 3 மணி ஆட்டங்களை இங்கிலாந்தில் நேரலையாகக் காட்ட அனுமதி கிடையாது. ஜனங்கள் வீட்டில் உட்கார்ந்துவிட்டால் சிறிய கிளப்புகளின் மைதானம் காலியாகிவிடும் என்று பல பத்தாண்டுகளாக இருக்கும் தடை அது. பர்மிங்ஹாமில் டிக்கெட் கிடைக்காதவரால் பார்க்க முடியாத ஆட்டத்தைத் திருச்சியில் நீங்கள் பார்ப்பீர்கள். வார நடுவில் சாம்பியன்ஸ் லீக் இரவு 12:30 அல்லது 1:30-க்குத் தொடங்கும், முடியும்போது பால்காரர் வந்துவிடுவார். உங்களுக்கு ஒரு யோசனை: வியாழக்கிழமைகளில் சாம்பியன்ஸ் லீக்குக்கு அடுத்த நிலை ஐரோப்பியப் போட்டிகளான யூரோப்பா லீக், கான்ஃபரன்ஸ் லீக் ஆடும் கிளப்புகளுக்கு ஓய்வு தருவதற்காக அவற்றின் லீக் ஆட்டம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைக்குப் போகும். உங்கள் விடுமுறை நாளும் அதுதான்.

இனி மனசு ஒட்டும் விஷயம். கிளப்பைத் தனியாகப் பார்க்காதீர்கள், ஊரோடு சேர்த்துப் பாருங்கள். லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் முதலில் ஆடியது எவர்ட்டன். மைதானத்தின் உரிமையாளர் ஜான் ஹௌல்டிங் என்ற மதுபான ஆலைக்காரர். வாடகைத் தகராறு முற்றி 1892-ல் எவர்ட்டன் வெளியேறி, பூங்காவுக்கு அந்தப்பக்கம் கூடிசன் பார்க்கைக் கட்டிக்கொண்டது. கையில் மைதானம் இருக்கிறது, ஆட அணி இல்லை என்று ஹௌல்டிங் தொடங்கியதுதான் லிவர்பூல் கிளப். இன்றைக்கும் ஒரே வீட்டில் அண்ணன் சிவப்பு, தம்பி நீலம் என்று இருப்பார்கள். கூடிசனின் ஒரு மூலையில் இரண்டு பார்வையாளர் கூடங்களுக்கு நடுவே செயின்ட் லூக் தேவாலயம் நின்றது. மைதானத்துக்குள்ளிருந்து பார்த்தால் அதன் செங்கல் சுவர் தெரியும். ஆட்ட நாளில் அந்தத் தேவாலயக் கூடத்துக்குள் போனால் தேநீர், பழைய ஆட்டப் புத்தகங்கள், 1960-களின் ஆட்டக்காரர்களைப் பற்றி மூச்சு விடாமல் பேசும் முதியவர்கள். 2025 மேயில் ஆண்கள் அணி அங்கே கடைசியாக ஆடியது, இப்போது ஆற்றங்கரையில் பழைய கப்பல்துறை இருந்த இடத்தில் புது மைதானம். நல்லவேளையாக கூடிசனை இடிக்காமல் பெண்கள் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

லூட்டனின் கெனில்வொர்த் ரோடு மைதானத்தையும் சொல்லியாக வேண்டும். வெளியூர் ரசிகர்களுக்கான நுழைவாயில் தொடர்வீடுகளின் வரிசைக்குள் இருக்கிறது. இரண்டு வீட்டுக் கதவுகளுக்கு நடுவே நுழைந்து இரும்புப் படியேறினால், கீழே கொல்லைப்புறங்களில் கொடியில் காயும் துணிகள் தெரியும். அப்படிப்பட்ட இடத்துக்கு 2023–24-ல் மான்செஸ்டர் சிட்டியும் லிவர்பூலும் வந்து ஆட வேண்டியிருந்தது. நியூகாஸில் வேறு மாதிரி. நகரின் நட்டநடுவில் மேட்டின்மேல் செயின்ட் ஜேம்ஸ் பார்க், ஊருக்கே பெரிய கிளப் அது ஒன்றுதான். 1955-க்குப் பிறகு உள்நாட்டுப் பெரிய கோப்பை எதுவும் இல்லாமல் இருந்து 2025 மார்ச்சில் லீக் கோப்பையை வென்றபோது, வயதான ரசிகர்கள் அழுததை டிவியில் பார்த்திருப்பீர்கள்.

கிளப்பைப் பிடித்தால் அதன் துக்கத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறீர்கள். 1958 பிப்ரவரி 6 மியூனிக் விமான விபத்தில் யுனைடெட்டின் எட்டு ஆட்டக்காரர்கள் உட்பட 23 பேர் இறந்தார்கள். 1989 ஏப்ரல் 15 ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்தார்கள், நெரிசலுக்கு ரசிகர்கள்தான் காரணம் என்று சொன்ன பொய்யை உடைக்கக் குடும்பங்கள் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் போராடின. எதிரணியைக் கிண்டல் செய்யும் வேகத்தில் இந்த இரண்டையும் இழுத்துப் பேசும் நம்மூர்ப் பையன்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. எந்த அணியை எடுத்தாலும் இதை மட்டும் செய்யாதீர்கள்.

உரிமையாளர் விஷயத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பணம் யாருடையது என்பது தெரியும்: மான்செஸ்டர் சிட்டி 2008 முதல் அபுதாபி அரச குடும்பத்து ஷேக் மன்சூரிடம், நியூகாஸில் 2021 அக்டோபர் முதல் சவுதி அரசின் முதலீட்டு நிதியிடம். நிதி விதிகளை மீறியதாக நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகளை 2023 பிப்ரவரியில் பிரீமியர் லீக் சிட்டி மீது சுமத்தியது, சிட்டி மறுத்தது. இதெல்லாம் உங்களைத் தடுக்க வேண்டுமா என்பது மனசாட்சி சம்பந்தப்பட்டது, அதில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. இன்று நல்லவராகத் தெரியும் உரிமையாளர் பத்து ஆண்டு கழித்து எப்படி இருப்பார் என்பதும் யாருக்கும் தெரியாது. 1995-ன் சாம்பியனான பிளாக்பர்ன் ரோவர்ஸை 2010 நவம்பரில் நம் புனேயின் கோழிப்பண்ணை நிறுவனமான வெங்கீஸ் வாங்கியபோது, இங்கே பலர் "இந்தியக் கிளப்" என்று பெருமையோடு அதன் பக்கம் சேர்ந்தார்கள். அனுபவமுள்ள மேனேஜரை ஒரு மாதத்துக்குள் நீக்கினார்கள். 2012 மேயில் தரமிறங்கிய இரவில், கிளப் கொடியைப் போர்த்திய உயிர்க்கோழி ஒன்றை ரசிகர்கள் மைதானத்துக்குள் விட்டார்கள். நம் நாட்டுக்காரர் வாங்கினார் என்பதற்காக மட்டும் ஒரு கிளப்போடு சேராதீர்கள். உரிமையாளரை விட ஊர்தான் நிலையானது என்பதற்கு லண்டனின் விம்பிள்டன் கால்பந்து கிளப்பே சாட்சி. கிளப்பை வேறு ஊரான மில்டன் கீன்ஸுக்கு மாற்றலாம் என்று அனுமதி கொடுத்த 2002-லேயே ரசிகர்கள் புது கிளப் தொடங்கி, அடிமட்ட லீக்கிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி, 2020-ல் பழைய மைதானம் இருந்த பிளவ் லேன் தெருவுக்கே, ஒரு புது மைதானத்தோடு திரும்பி வந்தார்கள்.

ஆட்டக்காரரைப் பார்த்து கிளப்பைத் தேர்ந்தெடுப்பது எளிதான வழி, பிடிப்பும் சீக்கிரம் வரும். சன் ஹியுங்-மின்னுக்காகக் கொரியாவில் எத்தனையோ பேர் டாட்டன்ஹம் பக்கம் வந்தார்கள். பத்து ஆண்டு ஆடி, 2025-ல் யூரோப்பா கோப்பையைத் தலைவனாகத் தூக்கிய கையோடு அவர் அமெரிக்கா போய்விட்டார். அந்த சீசனில் அதே டாட்டன்ஹம் லீக்கில் 17-வது இடம். அவரோடு கிளம்பியவர்களும் உண்டு, தங்கியவர்களும் உண்டு. தமிழர் என்பதற்காகத் தேடுகிறவர்களுக்கு ஒரு பெயர் தருகிறேன்: வேல்ஸில் ஈழத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, பார்ன்ஸ்லி அணிக்காக ஆடிய விமல் யோகநாதன். அவர் எங்கு போனாலும் அவரைப் பின்தொடருங்கள், எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் ஆட்டக்காரர் மீதான பிரியத்தைக் கிளப் மீதான பிரியத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் எப்படித் தேர்ந்தெடுப்பது? ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை எந்த அணியும் இல்லாமல் பாருங்கள். நான்கைந்து கிளப்புகளை மனதில் வைத்து, ஞாயிறுகளில் மாற்றி மாற்றி முழு ஆட்டமாகப் பாருங்கள். சுருக்கக் காட்சிகளில் எல்லா அணியும் நன்றாகத்தான் ஆடும். மழையில் நனைந்த சேற்று மைதானத்தில் 0-0 என்று போகும் ஆட்டத்தில் யாருக்காகப் பதறுகிறீர்கள் என்று கவனியுங்கள். வேலை முடிந்து போனை எடுத்ததும் முதலில் எந்த முடிவைத் தேடுகிறீர்கள், எந்த அணி தோற்றால் திங்கட்கிழமை காலைச் சாப்பாடு இறங்கவில்லை, இந்த இரண்டும் பெரும்பாலும் பதிலைச் சொல்லிவிடும். பெரும்பாலும் என்கிறேன், ஏனென்றால் சிலருக்கு அந்தப் பிடிப்பு ஒரு சீசனில் வருவதில்லை. அதை வரவழைக்கும் வழி எனக்குத் தெரியாது.

உங்கள் நண்பர்களோடு சேர்ந்து பார்ப்பதுதான் உங்களுக்குச் சந்தோஷம் என்றால் யுனைடெட்டோ ஆர்சனலோ தாராளமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கூட்டமாகக் கத்துவதற்கு ஆள் இருப்பது சின்ன விஷயமில்லை. ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் கொஞ்சம் தனித்து, வரலாற்றையும் படித்துக்கொண்டு பார்க்க விரும்புகிறவர் என்று தோன்றுகிறது. என் கிளப்பைச் சொல்ல ஆசைதான், இருந்தாலும் உங்களுக்கு ஆஸ்டன் வில்லாவைச் சொல்வேன். 1874-ல் பர்மிங்ஹாமில் தொடங்கியது. உலகின் முதல் கால்பந்து லீக்கான 1888-ன் பன்னிரண்டு கிளப் லீக், வில்லாவின் நிர்வாகியும் துணிக்கடைக்காரருமான வில்லியம் மெக்ரெகர் மற்ற கிளப்புகளுக்கு எழுதிய கடிதத்திலிருந்து பிறந்தது. 1982-ல் ராட்டர்டாமில் பேயர்ன் மியூனிக்கை 1-0 என்று வென்று ஐரோப்பியக் கோப்பை எடுத்தார்கள். அன்று கோல்கீப்பர் ஜிம்மி ரிம்மர் ஒன்பதாவது நிமிடத்தில் காயத்தோடு வெளியேற, அதற்கு முன் முதல் அணிக்காக ஒரே ஒரு ஆட்டம் ஆடியிருந்த நைஜல் ஸ்பிங்க் உள்ளே வந்து கடைசிவரை கோல் விடாமல் நின்றார். ஐந்தே ஆண்டில் இதே அணி தரமிறங்கியது. 2016-ல் மறுபடியும் இறங்கி மூன்று சீசன் கீழே இருந்தது. 2024 அக்டோபரில் சாம்பியன்ஸ் லீக்கில் அதே பேயர்னை அதே 1-0 கணக்கில் வில்லா பார்க்கில் வென்றது. மேலும் கீழுமாக இவ்வளவு பார்த்த கிளப், திருச்சியில் யாரும் சண்டைக்கு வராத கிளப். ஐந்து மாதம் பார்த்தபின் மனசு வேறு பக்கம் போனால் அதன் பின்னாலேயே போங்கள்.

ஒருநாள் நேரில் போய்ப் பார்க்கும் திட்டம் இருந்தால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய கிளப்புகளின் டிக்கெட் பொது விற்பனைக்கு வருவது அரிது, உறுப்பினர் கட்டணம் கட்டியவர்களுக்கே போகும். பயணத்துக்கு முந்தைய கோடையிலேயே கிளப்பின் சொந்த இணையதளத்தில் உறுப்பினராகிவிடுங்கள். மைதான வாசலில் தெருவில் நின்று விற்பவரிடமோ, அனுமதியில்லாத மறுவிற்பனைத் தளத்திலோ வாங்காதீர்கள். அனுமதியின்றி கால்பந்து டிக்கெட்டை மறுவிற்பது அங்கே 1994 சட்டப்படி குற்றம், அப்படி வாங்கிய டிக்கெட்டோடு போனால் வாசலிலேயே நிறுத்திவிடலாம். ஆட்ட நாளும் நேரமும் டிவிக்காக மாறும். சனிக்கிழமை என்று அறிவித்தது ஞாயிறோ திங்களோ ஆகலாம், ஆகவே ஊர் திரும்பும் விமானத்தை அதற்கு மூன்று நாளாவது தள்ளிப் பதிவு செய்யுங்கள்.